பெயருக்கு இரண்டு பெட்டி எதற்கு?

ஆப், இணையதளம் செய்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பெயர் கேட்கும்போது 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். அந்த ஓர் எழுத்தைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து தேவை" என்று சிவப்பில் ஒரு வரி வரும். என் அம்மா ஒரு தளத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார், அதுவும் செல்லவில்லை. சரி என்று தாத்தா பெயரை முழுதாக அடித்தார். ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று அப்புறம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைத்தால் இந்தக் கூத்தே இல்லை.

கைபேசி எண்ணும் அப்படித்தான். ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு எழுதுவது நம் பழக்கம். சிலர் முன்னால் +91 சேர்ப்பார்கள், சிலர் 0 சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வேண்டாததை நிரலே நீக்கட்டும். நாலைந்து வரி வேலைதான்.

ஓடிபிக்கு ஆறு தனித்தனிப் பெட்டி பார்க்க அழகுதான். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் நகலெடுத்து ஒட்டும்போது முதல் இலக்கம் மட்டும் விழும். எனக்கு ஒரே நீளப் பெட்டிதான் பிடிக்கும். அதைத் தொட்டதும் எண் விசைப்பலகை வர வேண்டும்.

பிழைச் செய்தியில் "தவறான உள்ளீடு" என்று எழுதாமல், "9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்" என்று எழுதுங்கள். முக்கியமாக, அதைக் காட்டும்போது ஏற்கெனவே நிரப்பிய மற்ற பெட்டிகளை அழித்துவிடாதீர்கள்.