எம்.டி. டிக் அடித்த ஏழு படங்கள்: அட்டைப்படத் தேர்வில் நடக்கும் தவறுகள்

இதழின் அட்டைக்காக ஒரு நிறுவன முதலாளியைப் படம் எடுக்கும் ஷூட் முடிந்து, கேமராவைப் பையில் வைக்கும்போதே கேள்வி வந்துவிடும்: "படமெல்லாம் இன்னைக்கே அனுப்பிடுவீங்கல்ல? சார் பார்த்து செலக்ட் பண்ணிடுவார்." கேட்பவர் நிறுவனத்தின் பி.ஆர். பொறுப்பாளர். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தோம். நானூறு ஃபிரேமைச் சலித்து அறுபதை அனுப்பினால், அது சாரிடமிருந்து அவர் மனைவிக்கு, மனைவியிடமிருந்து மகளுக்கு, அங்கிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் ஏழு டிக்கோடு திரும்பும். ஏழிலும் ஒரே சிரிப்பு, ஒரே கோணம். ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பலாம். அட்டையில் போட முடியாது.

தொழில் இதழ் ஒன்றில் படம் பொறுக்கும் மேசையில் உட்கார்ந்து பழகியவன் நான். படமே சரியாக அமையாமல் கெட்டுப்போன அட்டைகள் குறைவு. நல்ல ஃபிரேம் கையில் இருந்தும் பக்கத்து ஃபிரேமைப் போட்டுக் கெடுத்தவைதான் அதிகம்.

முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்பது

இந்தத் தவறுக்கு நூற்றிருபது வயதுக்கு மேல் ஆகிறது. 1903இல் நியூயார்க் வங்கி முதலாளி ஜே.பி. மார்கனை ஓவியமாக வரைந்துகொண்டிருந்த ஒருவர், ஆள் பொறுமையாக உட்காருவதில்லை என்று, பார்த்து வரைய ஒரு புகைப்படம் எடுத்துத் தரச் சொல்லி எட்வர்ட் ஸ்டைக்கனை அழைத்தார். ஸ்டைக்கன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். மார்கன் வருவதற்கு முன்பே கட்டடத் துப்புரவுப் பணியாளரை நாற்காலியில் உட்காரவைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட்டார். மார்கன் வந்தார், இரண்டு படம், சுமார் மூன்று நிமிடம், வேலை முடிந்தது.

முதல் படத்தில் மார்கன் தன் வழக்கமான தோரணையில் இருக்கிறார். இரண்டாவதற்குத் தலையைக் கொஞ்சம் மாற்றி வைக்கச் சொன்னதும் அவருக்கு எரிச்சல். முகம் இறுகிய அந்த நொடியை ஸ்டைக்கன் பிடித்துவிட்டார். கண்கள் எதிரில் நிற்பவரைத் துளைக்கின்றன. வெளிச்சம் பட்ட நாற்காலிக் கைப்பிடி, அவர் கையில் பிடித்திருக்கும் கத்திபோலத் தெரிகிறது. மார்கனின் மூக்கு ஒரு தோல் நோயால் வீங்கிப்போயிருந்தது ஊரறிந்த விஷயம். முதல் படத்தில் ஸ்டைக்கன் அதை டச்-அப் செய்து கொடுத்தார். மார்கன் அதில் ஒரு டஜன் பிரதி கேட்டார். இரண்டாவதைப் பார்த்ததும் கிழித்துப் போட்டார். இன்று மார்கன் என்று தேடினால் கண்ணில் படுவது கிழித்த படம்.

அகங்காரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் முகத்தை நாம் பார்த்துப் பழகியது கண்ணாடியில், அதாவது இடவலம் மாறி. 1977இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒருவரின் படத்தையும் அதன் இடவலம் மாற்றிய பிரதியையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றிய பிரதியைத் தொட்டார்கள், அவர்களின் நெருங்கியவர்கள் அசலைத் தொட்டார்கள். 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நேராக நம் விஷயத்துக்கே வருகிறது: தன் படத்தைத் தானே பொறுக்குவதைவிட, முன்பின் தெரியாதவர் பொறுக்கித் தந்த படம் பார்ப்பவர்களிடம் நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கியது.

அதனால் இப்போது நாங்கள் அறுபது படம் அனுப்புவதில்லை. பேட்டி எடுத்த நிருபர், லேஅவுட் செய்பவர், கூடவே அந்த முதலாளியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் (பெரும்பாலும் எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து) என்று மூன்று பேர் பார்த்துக் கழித்தபின், எது வந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்கிற மூன்றை மட்டும் காட்டுகிறோம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கவாதம் வந்து தேறியவர், ஒரு பக்க முகம் சற்றுத் தொங்கியிருப்பவர், "அந்தப் பக்கம் வேண்டாமே" என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிரிப்பு இருந்தால் போதும் என்று நினைப்பது

உதட்டோரத்தை நினைத்தபோது தூக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படிச் சொன்னபடி கேட்பதில்லை. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே இதை எழுதிவைத்துவிட்டார். திரையில் படத்தின் வாய்ப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். கண் சிரிக்கவில்லை என்றால் அந்த ஃபிரேமைத் தள்ளிவிடலாம். பத்து நொடி வேலை, பாதிப் படங்கள் இதிலேயே கழியும்.

சரி, உண்மையாகவே சிரித்துவிட்டார். அதற்காக அது பொருந்திவிடுமா? கட்டுரை முழுக்கக் கடன், ஆள்குறைப்பு, மூடிய ஆலை என்று போகும்போது மேலே முப்பத்திரண்டு பல்லும் தெரியும் படம் வந்தால், வாசகன் முதலாளியைத் திட்டுவான், கூடவே நம்மையும். 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஆட்டவாவில் புகைப்படக்காரர் யூசுப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டு எடுத்த முறைப்புப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அடுத்த சில நிமிடங்களில் சர்ச்சில் சிரித்துக்கொண்டே இன்னொரு படத்துக்கும் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்புப் படமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நடந்துகொண்டிருந்தது உலகப் போர், நிலைத்தது முறைப்பு.

இங்கே ஒரு தொழில் ரகசியம். "அவ்வளவுதான் சார், முடிஞ்சது" என்று சொன்னபின் நல்ல போட்டோகிராபர் கேமராவை இறக்கமாட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தோள் அரை அங்குலம் இறங்கும், மூச்சு வெளியே வரும், முகம் அவருடைய சொந்த முகமாகிவிடும். கோட் பட்டனைக் கழற்றக் கை போகும். ஷூட்டின் கடைசி ஐந்தாறு ஃபிரேம்களைத் தேர்வுக்காரர்கள் பலர் பார்ப்பதே இல்லை, ஏதோ தப்பாக அழுத்திய ஷட்டர் என்று தாண்டிவிடுகிறார்கள். நான் தொடங்குவதே அங்கிருந்துதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆண் முதலாளி என்றால் கைகட்டி நிமிர்ந்த படம், பெண் முதலாளி என்றால் தலையைச் சாய்த்த புன்னகை. இப்படி ஒரு பழக்கம் எங்கள் மேசைகளில் வேரோடிப்போயிருக்கிறது. ஒரே ஷூட்டில் இரண்டு விதமும் இருக்கும், கை தானாக ஒன்றின் மேல் போகும். கைகட்டிய படம் இப்போது காப்பீட்டு ஏஜென்ட் விசிட்டிங் கார்டிலும் வந்துவிட்டது. யாருக்குமே அதைப் போடாமல் விட்டால் நல்லது.

போனில் பார்த்து முடிவு கட்டுவது

போன் திரையில் எல்லாப் படமும் ஷார்ப்பாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி வந்திருக்கும், அதைப் பெரிதாக்கிப் பார்த்தும் பிரயோசனமில்லை. ஏ4 அளவு அட்டை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வெட்டுக்காக நான்கு பக்கமும் விடும் 3 மில்லிமீட்டர் இதற்கு மேல். 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் எடுத்த படம் 6000க்கு 4000. அதிலிருந்து நெட்டுக்குத்தாக ஓர் அட்டையை வெட்டினால் 2828க்கு 4000 கிடைக்கும், போதும். "முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவாங்க" என்று அதில் பாதியாக வெட்டினால் போதாது. தேர்வு செய்யும்போதே இந்தக் கணக்கைப் போடாவிட்டால், அச்சுக்குப் போகிற இரவில் போடவேண்டிவரும்.

கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண் ஷார்ப்பாக இருக்கிறதா என்பதைப் பெரிய திரையில் முழு அளவில் வைத்துப் பார்க்கவேண்டும். ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். முதல் சுற்றில் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் இதழை ஆள் பார்ப்பது அந்தத் தூரத்தில்தான். ஆறடி தள்ளி நின்றும் இழுக்கிற படங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அப்புறம் இமைமுடி எண்ணலாம்.

பக்கத்தை மறந்துவிடுவது

படம் தனியாக வருவதில்லை. மேலே இதழின் பெயர் வரும், ஓரத்தில் தலைப்புகள் வரும், கீழே பார்கோடு வரும். தலைக்கு மேல் இடமே விடாத அழகான க்ளோஸ்அப்பை ஆசைப்பட்டு எடுத்தால், இதழின் பெயர் நெற்றியில் பட்டை அடித்ததுபோல் உட்காரும். இரண்டு பக்கம் விரியும் படம் என்றால் நடுமடிப்பு எங்கே விழும் என்று பாருங்கள். மூக்கில் விழுந்தால் ஆள் காலி.

பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பதும் உண்டு. இடது பக்கத்தில் இருப்பவர் இதழுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் வாசகனும் கூடவே வெளியே போய்விடுவான். இதற்கு லேஅவுட்காரர்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது: படத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிடுவது. செய்யாதீர்கள். சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போய்விடும், பட்டன் மாறிவிடும், வகிடு மாறும், பின்னால் இருக்கும் பெயர்ப்பலகை தலைகால் புரியாமல் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், திருப்பிய படம் அந்த முதலாளிக்குப் பிடித்துப்போகும். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் அதுதானே. அவருடைய ஊழியர்களுக்குத்தான் ஏதோ உறுத்தும்.

பின்னால் நிற்பவரைப் பார்க்காதது

ஒருமுறை கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எடுத்த படம். முதலாளி நடுவில், தலையில் பளபளக்கும் மஞ்சள் ஹெல்மெட். ஒளி, கண், தோரணை எல்லாம் கச்சிதம். இதழ் வந்த அன்றே வாசகர் ஒருவர் போன் செய்தார்: "பின்னாடி கிரைண்டர் பிடிக்கிறவர் தலையில ஒண்ணுமே இல்லையே சார்?" அந்தத் தொழிலாளி படத்தில் சுண்டுவிரல் நக அளவுதான் இருந்தார், பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. எங்கள் மேசையில் நான்கு பேர் பார்த்தோம், நான்கு பேரும் முதலாளியின் முகத்தை மட்டும் பார்த்திருந்தோம்.

அப்போதிலிருந்து ஒரு பழக்கம்: இறுதிக்கு வந்த படத்தில் முகத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு மீதியைப் பார்ப்பது. வெள்ளைப் பலகையில் அடுத்த காலாண்டு விற்பனை இலக்கு எழுதியிருக்கும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அது வெறும் கவனக்குறைவோடு நிற்காது, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் வரை போகும். மானிட்டர் ஓரத்தில் கடவுச்சொல் ஒட்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியில் ஸ்டுடியோ விளக்கு வெள்ளைச் சதுரமாக நிற்கும். பொடிக்கட்டம் போட்ட கோட்டில் அலை அலையாகக் கோடு ஓடும், திரையில் லேசாகத் தெரிந்தால் அச்சில் இன்னும் எடுப்பாகத் தெரியலாம்.

பின்னணியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் குறையில்லை. 2006இல் ஃபார்ச்சூன் இதழுக்காகப் புகைப்படக்காரர் ஆல்பர்ட் வாட்சன் எடுத்த ஸ்டீவ் ஜாப்ஸ் படத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, ஐபாடும் இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு மேல்சட்டை, மோவாயில் ஒரு கை, நேர்ப்பார்வை.

"கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்க"

நம் ஊரில் இதற்கு வெளுப்பாக்கு என்று அர்த்தம். சொல்பவர் அப்படிச் சொல்லமாட்டார், நாமும் புரியாததுபோல் கேட்டுக்கொள்வோம். தூங்காத கண்ணின் கருவளையத்தை லேசாகக் குறைப்பது வேறு, மனிதரின் நிறத்தையே மாற்றுவது வேறு. 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்ஸனைப் போலீஸ் எடுத்த படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டு இதழ்களுமே அட்டையில் போட்டன. டைம் அதைக் கறுப்பாக்கிப் போட்டது, நியூஸ்வீக் உள்ளபடி போட்டது. இரண்டும் ஒரே வாரம் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. கறுப்பாக்கியதற்கு எழுந்த கூச்சல் வெளுப்பாக்குவதற்கு இங்கே எழுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ரீடச்சில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துப் பொறுக்கும் படம் பெரும்பாலும் தப்பான படம். முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்த ஃபிரேம் அதே ஷூட்டில் நாலு படம் தள்ளி இருக்கும்.

கழித்ததை அழிப்பது

தேர்வு முடிந்ததும் இடம் அடைக்கிறது என்று மீதியை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜாப்ஸ் இறந்த 2011 அக்டோபரில் ஆப்பிள் தன் இணையதள முகப்பில் போட்டது, ஐந்து வருடம் முன்பு எடுத்த அந்த வாட்சன் படத்தைத்தான். மார்கன் கிழித்துப் போட்ட படத்தின் இன்னொரு பிரதி பிறகு அவருடைய நூலகர் பெல் டகோஸ்டா கிரீன் கண்ணில் பட்டது. இதைவிட நல்ல படம் மார்கனுக்கு இல்லை என்றார் கிரீன். அந்தப் பிரதி அப்போது இன்னொரு புகைப்படக்காரரான ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸிடம் இருந்தது. மார்கன் 5000 டாலர் தருவதாகச் சொல்லியும் ஸ்டீக்ளிட்ஸ் விற்கவில்லை.

எங்கள் ஹார்ட் டிஸ்கில் 'வேண்டாம்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. போன இதழின் அட்டை அதிலிருந்து எடுத்தது.