டெல்டாவில் ஓர் ஆலைக்குச் சூழல் மேலாண்மைத் திட்டம் எழுதுவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் வெளிநாட்டு வங்கிக் கடனில் ஒரு புழுங்கல் அரிசி ஆலை வரப்போகிறது, அதற்குச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம், அதாவது ஆலையால் வரும் தீங்குகளையும் அவற்றைக் குறைக்கும் வழிகளையும் சொல்லும் ஆவணம், எழுதும் வேலை உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, சட்டம். 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது எல்லாம் இங்கே கூடாது. அரிசி ஆலைக்கு அந்தத் தடை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) வேண்டும். கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் (IFC) 8 சுற்றுச்சூழல், சமூகச் செயல்திறன் தரநிலைகளையும் கேட்பார்கள். நம் விதிக்கும் அவர்கள் கேட்கும் அளவுக்கும் வித்தியாசம் இருந்தால், எது கடுமையோ அதையே எடுங்கள்.

இரண்டாவது, இடத்தின் இன்றைய நிலை. இதில் அவசரப்படவே கூடாது. ஆலை வருமுன் அளந்து வைக்காவிட்டால், "போர் தண்ணீர் கெட்டது உங்களால்தான்" என்று பக்கத்து வயல்காரர் நாளைக்குக் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன், வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது ஒருமுறை போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இன்னொரு முறை. அப்புறம் வடிகாலை ஒட்டியே நடந்து பாருங்கள். வரைபடத்தில் வடிகால் என்று போட்டிருப்பதுதான் இரண்டு ஊர் தள்ளி யாருக்கோ பாசனத் தண்ணீர்.

மூன்றாவது, தீங்குகளை வரிசைப்படுத்துவது. உமிச் சாம்பல், தூசி, லாரிச் சத்தம் எல்லாம் உண்டு. ஆனால் தலைவலி நெல் ஊறவைத்த தண்ணீர்தான்: ஒரு நாள் தேங்கினாலே நாற்றம் குடலைப் பிடுங்கும். நீர்நிலையில் விட வேண்டுமானால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நான்காவது, அட்டவணை. ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ஊறல் தண்ணீர், சுத்திகரித்து மறுபயன்பாடு, பொறுப்பு ஷிப்ட் மேற்பார்வையாளர், மாதம் ஒரு பரிசோதனை, செலவு ஆலையின் பராமரிப்புக் கணக்கில். "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். யார், எப்போது, யார் பணம் என்று இல்லாத வரியை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

கடைசியாக, புகார் வழி. ஆலை வாசலில் ஃபோன் எண்ணைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். வங்கிக்கு ஆங்கில அறிக்கை போகட்டும். ஊராட்சி அலுவலகத்துக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் போக வேண்டும். நடவு நேரத்தில் கூட்டம் போடாதீர்கள், யாரும் வரமாட்டார்கள்.