கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுக்கும் முன்

கூடம் மேற்குப் பார்த்ததாக இருந்தால், துணியின் நிறத்தைத் தேர்வதற்கு முன், மாலை 4 மணி வெயில் சோபாவில் எந்த இடத்தில் விழுகிறது, டிவித் திரையில் எப்படிப் பளிச்சிடுகிறது என்பதை ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலையால் முழுவதும் தடுக்க முடியாது என்பதால், வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றையும் லைனிங் வைத்துத் தைத்த கனமான துணி ஒன்றையும் இரட்டைக் கம்பியில் போடுவதே என் கணக்கில் சிறந்த ஏற்பாடு.

துணியின் மொத்த அகலம் ஜன்னலைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 4 அடி ஜன்னலுக்கு 8 அடி இருந்தால்தான் மூடிய பிறகும் மடிப்பு அழகாக நிற்கும். குறைத்து எடுத்தால் போர்வையை விரித்துக் கட்டியதுபோல் இருக்கும். கம்பியை இரு பக்கமும் அரை அடி நீட்டிப் பொருத்தினால், திறக்கும்போது துணி சுவரோரம் ஒதுங்கிக் காற்றுக்கு வழிவிடும். கரூர்ப் பருத்தி வாங்கினால், தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, தரையைத் தொட்ட துணி கணுக்காலுக்கு ஏறிவிடக்கூடும். சிறு குழந்தைகள் புழங்கும் கூடத்தில், இழுகயிறு தொங்கும் பிளைண்டுகள் கழுத்தில் சிக்கும் ஆபத்து உள்ளவை என்பதால், அவற்றை வாங்கவே வேண்டாம்.