தமிழ் ஆப்புக்குத் திரையும் லோகோவும்: முதல் புராஜெக்ட்டை எங்கே தொடங்குவது?

டிசைனுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லோகோவில் ஆரம்பிக்கிறார்கள். பிறகு திரைகளை ஆங்கிலத்தில் வரைந்து முடித்து, கடைசி நாளில் தமிழைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். பட்டனுக்குள் சொல் அடங்காது, புள்ளி வெட்டுப்படும், லோகோவில் கொம்பு இடம் மாறி நிற்கும். எனவே வரிசையை மாற்றிக்கொள்வோம். பயிற்சிக்கு, உழவர் சந்தையின் அன்றாடக் காய்கறி விலையைக் காட்டும் ஓர் ஆப்; பெயர் "சந்தை".

1. முதலில் சொற்கள்

திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறக்கும் முன் ஆப்பில் வரப்போகும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். முப்பது காய்கறிகளாவது வேண்டும். மிகச் சின்னது "பூசணி" என்றால், மிக நீளமானது "சர்க்கரைவள்ளிக்கிழங்கு". இந்த நீளமான சொல்தான் உங்கள் அளவுகோல். இது நிற்கும் வரிசையில் எல்லாம் நிற்கும். நடுவில் இடைவெளியே இல்லாததால், இடம் போதாவிட்டால் "ழங்கு" மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும்.

பட்டன்களுக்கு "தேடு", "சேமி" போதும். "சமர்ப்பிக்கவும்" என்று எழுதினால் பட்டன் இரண்டு மடங்கு அகலமாகும், படிப்பவருக்கும் அரசு விண்ணப்பம் போலத் தோன்றும்.

2. ஒரே ஒரு திரை

மூன்று திரைகளைப் பென்சிலால் கிறுக்கிப் பாருங்கள்: பட்டியல், ஒரு காயின் விவரம், தேடல். பிறகு பட்டியலை மட்டும் ஃபிக்மாவில் 360 × 800 ஃப்ரேமில் (போன் திரை அளவுச் சட்டத்தில்) வரையுங்கள். இரு ஓரங்களிலும் 16 விடுங்கள். மற்ற இடைவெளிகள் எல்லாம் 8, 16, 24 என எட்டின் மடங்கில் இருக்கட்டும். ஒரு வரிசையின் உயரம் 64. விரல் படும் எந்தப் பகுதியும் 48 × 48-க்குக் குறையக் கூடாது. ஒரு கையில் பையோடு நிற்பவர் கட்டைவிரலால் தொடுகிறார் என்பதை மறக்காதீர்கள்.

காயின் பெயர் இடது பக்கம், விலை வலது பக்கம். விலைகளை வலது ஓரமாகச் சீர்செய்தால்தான் 8-ம் 80-ம் பார்த்தவுடன் வேறுபடும். விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை என்று நிறத்தோடு நிறுத்திவிடாமல் அம்புக்குறியும் வையுங்கள். அந்த இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர்.

3. எழுத்துரு

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், மூன்றும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வாசகத்தை அப்படியே ஒட்டாதீர்கள். எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

பட்டியல் எழுத்து 16, வரி உயரம் 26. ஆங்கிலத்துக்குப் போதுமான 20 இங்கே போதாது. மேலே புள்ளியும் விசிறியும் ("கி"யின் மேல் வளைவு) ஏறும், கீழே "து", "ற" போன்றவற்றின் வால் இறங்கும். பெட்டிக்கு உயரத்தை நிலையாக வைக்காமல், எழுத்துக்கேற்ப வளரும்படி விடுங்கள்.

எழுத்து இடைவெளியைச் சுழியத்திலேயே வையுங்கள். ஆங்கிலத் தலைப்புகளில் அதைக் கூட்டுவது அழகு. தமிழில் "கொத்தமல்லி"யின் "கொ"வைப் பாருங்கள்: கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டும்போது அந்தக் கால் விலகி நின்றால் "ர" போலவே தெரியும், சொல்லே மாறிவிடும்.

வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக் குறியீட்டை விட வெளிறிய சாம்பலில் சின்ன எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய குறைந்தபட்ச ஒளி வேறுபாடான 4.5:1-ஐ #767676 மயிரிழையில்தான் தாண்டுகிறது. #999999 தாண்டவே தாண்டாது.

4. இப்போது லோகோ

எழுத்துருவும் நிறமும் முடிவானதால் லோகோவுக்குப் பாதி வேலை முடிந்தது. லோகோ வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் தட்டச்சு செய்யும் முன் விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழி வசதியை இயக்கி, பத்திப் பலகத்தில் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் "தை"யின் இணைக்கொம்பு "த"வுக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத அச்சகத்தில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் பெயர்ப்பலகை வரை போய்விடும்.

"சந்தை"யில் "ந்", "தை" இரண்டுக்கும் வால் உண்டு. அவற்றை இணைத்து ஒரே வளைவாக்கலாம், ஒரு கூடையின் அடிப்பகுதி போல. ஆனால் புள்ளியை மட்டும் தக்காளியாகவோ இலையாகவோ மாற்றி மங்கவைத்துவிடாதீர்கள். புள்ளி தெரியாவிட்டால் அது "சநதை".

முழுப் பெயரும் ஆப் ஐகானில் அடங்காது, "ச" மட்டும் போதும். ஆண்ட்ராய்டு ஐகானின் ஒவ்வோர் அடுக்கும் 108 × 108 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவின் அலகு). போனுக்குப் போன் வட்டம், சதுரம் என அது வெட்டப்படுவதால், நடுவில் 66 டிபி விட்டமுள்ள வட்டத்துக்குள் எழுத்தை முடித்துவிடுங்கள். பிளே ஸ்டோருக்கு 512 × 512 பிக்சலில் ஒரு பிஎன்ஜி தனியாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒருமுறையும், 48 பிக்சலில் ஒருமுறையும் பாருங்கள். "ச"வின் உள்வெளி அடைத்துக்கொண்டால் கோட்டை மெலிதாக்குங்கள்.

5. போனில் பார்ப்பது

படத்தைப் போனுக்கு அனுப்பி, வெயிலில் நின்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், அதனால் ஃபிக்மாவில் எழுத்தை 32 ஆக்கி இன்னொரு பிரதி எடுங்கள். பெயரும் விலையும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். அந்த அளவில் விலை பெயருக்குக் கீழே இறங்க வேண்டும் என்பதையும் வரைந்து டெவலப்பரிடம் கொடுங்கள். லோகோவை எழுத்துரு தேவைப்படாத வடிவமாக மாற்றி, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.