வைஸ் சிட்டி டிஸ்க்கை வைத்து ஸ்டூடியோவின் பூர்வீகம் தேடுவது எப்படி?

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசைக் கேமான வைஸ் சிட்டி ஆடாத பையன்கள் குறைவு. யார் செய்த கேம் என்று கேட்டால் 'ராக்ஸ்டார், அமெரிக்கா' என்பார்கள். பாதிதான் சரி. நியூயார்க்கில் இருப்பது வெளியிட்ட கம்பெனி. உருவாக்கியது ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்டூடியோ. அதன் வரலாற்றை எழுத ஒரு நோட்டு, ஒரிஜினல் டிஸ்க், இன்டர்நெட் போதும்.

பர்மா பஜார் ரிப் டிஸ்க் (வெட்டிச் சுருக்கிய திருட்டு நகல்) இதற்கு ஆகாது. ஒரே சிடியில் அடக்குவதற்காக ரேடியோ பாட்டையும் வீடியோவையும் வெட்டியிருப்பார்கள். கவரும் ஜெராக்ஸ், பொடி எழுத்து அப்பிப்போயிருக்கும். ஒரிஜினல் பிசி பதிப்பு 2 சிடி. கடற்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழும், டிரைவ் படிக்காமல் திணறும்.

பெட்டியின் பின்பக்க அடியில் இருக்கும் பொடி எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். வெளியிட்டவர் பெயரையும் உருவாக்கியவர் பெயரையும் தனித்தனியே குறியுங்கள். டிஸ்க்கின் உள்வளையத்தில் ஐஎஃப்பிஐ என்று பொறித்த குறியீடு, டிஸ்க் எங்கே தயாரானது என்பதை மட்டுமே காட்டும். அதை ஸ்டூடியோவின் ஊர் என்று எழுதிவிடாதீர்கள்.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆண்டு, ஸ்டூடியோவின் பெயர், ஊர், உரிமையாளர், ஆதாரம். வைஸ் சிட்டிக்கு நிரப்பினால் இப்படி வரும். 1980களின் பிற்பாதியில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் டேவிட் ஜோன்ஸ் டிஎம்ஏ டிசைன் என்ற ஸ்டூடியோவைத் தொடங்குகிறார். 1991ல் லெம்மிங்ஸ் என்ற கேம். 1997ல் டிஎம்ஏவை கிரெம்லின் இன்டராக்டிவ் கம்பெனி வாங்குகிறது. அதே ஆண்டு முதல் ஜிடிஏ. 1999ல் கிரெம்லினை இன்ஃபோகிராம்ஸ் வாங்க, அதே ஆண்டு டிஎம்ஏ மட்டும் ராக்ஸ்டாரின் தாய்க் கம்பெனியான டேக்-டூ கைக்குப் போகிறது. 2001ல் ஜிடிஏ 3 டிஎம்ஏ பெயரிலேயே வருகிறது. 2002ல் பெயர் ராக்ஸ்டார் நார்த், ஊர் எடின்பரோ.

வழுக்குகிற இடங்கள் மூன்று. ஒன்று, 'ராக்ஸ்டார் 1997ல் ஜிடிஏ வெளியிட்டது' என்று எழுதுவது. ராக்ஸ்டார் கேம்ஸ் உருவானதே 1998 டிசம்பரில். முதல் ஜிடிஏவை வெளியிட்டது பிஎம்ஜி இன்டராக்டிவ். இரண்டு, வைஸ் சிட்டி பிளேஸ்டேஷன் 2ல் வந்தது 2002 அக்டோபர், பிசியில் 2003 மே. கையில் இருக்கும் பிசி பெட்டியை மட்டும் நம்பினால் கேம் வந்த ஆண்டே மாறிவிடும். மூன்று, வேறு கன்சோலுக்கு மாற்றியவர்கள் வேறு ஆட்கள். எக்ஸ்பாக்ஸ் பதிப்பைச் செய்தது ராக்ஸ்டார் வியன்னா. அதை 2006ல் மூடிவிட்டார்கள். அவர்கள் உழைப்பும் கணக்கில் வர வேண்டும், கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிடுங்கள்.

ஆதாரத்துக்கு பிரிட்டனின் கம்பெனிப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளம் இலவசம். ஸ்காட்லாந்து கம்பெனியின் எண் 'எஸ்சி' என்று தொடங்கும். பெயர் மாறினாலும் எண் மாறாது, அதனால் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இதே முறையை நம் பக்கத்து ஸ்டூடியோவில் முயல பெங்களூரு போதும். அங்கே துருவா இன்டராக்டிவ் என்ற கேம் ஸ்டூடியோ தொடங்கியது 1997. ராக்ஸ்டார் அதை வாங்கியது 2019. ராக்ஸ்டார் இந்தியா 2016லேயே இருக்கிறது, எனவே இரண்டையும் நோட்டில் தனித்தனி வரிசையில் எழுதுங்கள்.