யூகேல ஈசி ஆக்ஸஸ் சேவிங்ஸ் அக்கவுன்ட் ஆன்லைன்ல ஓப்பன் பண்றது எப்படி: வட்டிய மூணாவதா பாருங்க

அவசரத்துக்குன்னு சேர்த்த காசு கரன்ட் அக்கவுன்ட்லயே வட்டி இல்லாம கிடக்குது, அதை எப்ப வேணா எடுக்கற மாதிரி ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு மாத்தணும்னு யோசிக்கறவங்களுக்காக இதை எழுதறேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓப்பன் பண்ணி முடிச்ச கையோட எழுதறதால எல்லாம் இன்னும் மனசுல அப்படியே இருக்கு. உங்ககிட்ட இங்க ஒரு கரன்ட் அக்கவுன்ட்டும் என்ஐ நம்பரும் ஏற்கனவே இருக்குன்னு வச்சுக்கறேன்.

எல்லாரும் முதல்ல வட்டி டேபிளத்தான் திறப்பாங்க. நான் பார்க்கற வரிசை வேற. காசு எந்த பேங்கோட லைசென்ஸ்ல உட்காருது, திரும்ப எந்த வழியா எவ்வளவு சீக்கிரம் வெளிய வரும், அதுக்கப்புறம்தான் வட்டி (அப்ளை பண்றதுக்கு முன்னாடி பேரை சரிபண்ற வேலையும் ஒண்ணு இருக்கு, அதை கீழ நடுவுல சொல்றேன்). 10,000 பவுண்டுக்கு 0.2% வித்தியாசம்னா வருஷத்துக்கு 20 பவுண்டு, அவ்வளவுதான். அதுக்காக முதல் ரெண்டையும் விட்டுக்கொடுக்காதீங்க.

1. லைசென்ஸ்

பேங்க் மூழ்கிட்டா காசைத் திருப்பித் தர்றது எஃப்எஸ்சிஎஸ். 2025 டிசம்பர் 1ல இருந்து ஒரு ஆளுக்கு 1,20,000 பவுண்டு வரைக்கும் பாதுகாப்பு, அதுக்கு முன்னாடி 85,000 தான், பழைய கட்டுரைகள்ல இன்னும் அந்தப் பழைய தொகையே இருக்கும். ஜாயின்ட் அக்கவுன்ட்னா ஆளுக்கு ஒரு பங்குன்னு ரெண்டு மடங்கு.

இந்த லிமிட் பிராண்டுக்கு இல்ல, லைசென்ஸுக்கு. எச்எஸ்பிசியும் ஃபர்ஸ்ட் டைரக்ட்டும் ஒரே லைசென்ஸ், ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே லைசென்ஸ். எச்எஸ்பிசில 80,000, ஃபர்ஸ்ட் டைரக்ட்ல 60,000 போட்டுட்டு ரெண்டும் தனித்தனின்னு நிம்மதியா இருந்தீங்கன்னா அதுல 20,000க்கு கவர் இல்ல. எஃப்எஸ்சிஎஸ் சைட்லயே செக் பண்ற வசதி இருக்கு, பேங்க் பேரையும் தொகையையும் போட்டா எவ்வளவு கவர் ஆகுதுன்னு காட்டும். (என்எஸ் அண்ட் ஐ மட்டும் கணக்கே வேற, அது அரசாங்கத்தோடது, போட்ட காசு முழுசுக்கும் ட்ரெஷரி பொறுப்பு.)

2008 அக்டோபர்ல ஐஸ்லாந்தோட லேண்ட்ஸ்பாங்கி பேங்க் விழுந்தப்ப, அதோட ஐஸ்சேவ் ஆன்லைன் அக்கவுன்ட்ல போட்டிருந்த இங்க உள்ள ஜனங்க காசு மாட்டிக்கிச்சு. வட்டி நல்லா இருக்குன்னுதான் போட்டாங்க. யூகே அரசாங்கம் உள்ள வந்ததாலதான் திரும்பக் கிடைச்சுது. அதனாலதான் லைசென்ஸ் முதல்லன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அப்புறம் எஃப்சிஏ (இங்க நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கற அமைப்பு) ரெஜிஸ்டர்ல பேங்க் பேரைத் தேடுங்க. நிஜ பேங்க் பேரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் அப்படியே போட்டு போலி சைட் நடத்தறவங்க இருக்காங்க, அதனால பேர் இருக்கான்னு மட்டும் பார்த்தா பத்தாது, ரெஜிஸ்டர்ல இருக்கற வெப்சைட் முகவரியும் நீங்க திறந்து வச்சிருக்கறதும் ஒண்ணுதானான்னு எழுத்து எழுத்தா பாருங்க. கூகுள்ல மேல வர்ற விளம்பரத்தை கிளிக் பண்ணிப் போகவே போகாதீங்க.

ராய்சின், சிப் மாதிரி ஆப்/பிளாட்ஃபார்ம் வழியாவும் போடலாம், ஆனா காசு பின்னாடி எந்த பேங்க்ல உட்காருதுன்னு பார்த்து, அதே பேங்க்ல உங்களுக்கு வேற காசு இருந்தா ரெண்டையும் கூட்டிக்கணும். எனக்குப் பிடிச்சது நேரா பேங்க்லயே திறக்கறதுதான், ஏதாவது பிரச்சனைன்னா ஒரே இடத்துல கேட்டா போதும். "ஈ-மணி" நிறுவனம்னு போட்டிருந்தா அது பேங்க் இல்ல, அந்த நிறுவனமே மூழ்கினா எஃப்எஸ்சிஎஸ் தராது.

2. பேர் (இங்கதான் நிறைய நேரம் போகும்)

எனக்கு சிக்கல் வந்த இடம் இதுதான், நம்ம ஊர்க்காரங்க நிறைய பேருக்கு வரும். நம்ம பாஸ்போர்ட்ல சிலருக்கு சர்நேம் காலி, சிலருக்கு அப்பா பேர் சர்நேம், சிலருக்கு இனிஷியல் விரிச்சு எழுதியிருக்கும். இங்க வந்ததும் கம்பெனில ஒரு மாதிரி, கரன்ட் அக்கவுன்ட்ல ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸ்ல ஒரு மாதிரி பதிஞ்சிடுது. உதாரணத்துக்கு பாஸ்போர்ட்ல "கார்த்திகேயன் சுப்பிரமணியம்", பேங்க்ல "எஸ் கார்த்திகேயன்".

ஆன்லைன்ல அப்ளை பண்ணும்போது பேங்க் உங்க பேரையும் அட்ரஸையும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் மாதிரி கிரெடிட் ஏஜென்சில ஒப்பிட்டுப் பார்க்கும். அது முடிஞ்சா உங்க கரன்ட் அக்கவுன்ட்டை லிங்க் பண்ணச் சொல்லும், பணம் திரும்ப வர்றது அந்த அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான். நம்ம நல்லதுக்குத்தான், யாராவது உள்ள புகுந்தாலும் வேற எங்கயும் அனுப்ப முடியாது. ஆனா ரெண்டு இடத்துலயும் உங்க பேர் ஒரே மாதிரி இல்லைன்னா அங்கயே நின்னுடும், பாஸ்போர்ட் காப்பி, அட்ரஸ் ப்ரூஃப்னு கேட்டு இழுக்கும்.

அதனால சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடுங்க:

- பாஸ்போர்ட் எடுத்துட்டு உங்க கரன்ட் அக்கவுன்ட் பேங்க் பிராஞ்சுக்குப் போய் பேரை பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே மாத்துங்க.
- எலெக்டோரல் ரோல்ல (வாக்காளர் பட்டியல்ல) பேர் சேருங்க. காமன்வெல்த் நாட்டுக்காரங்க, அதாவது இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவங்க செல்லுபடியாகற விசாவோட இங்க இருந்தாலே சேரலாம், பிரிட்டிஷ் சிட்டிசன் ஆகணும்னு இல்ல. இது தெரியாமயே பல வருஷம் இருக்கறவங்களைப் பார்த்திருக்கேன்.
- அந்த மூணு ஏஜென்சிலயும் உங்க ரிப்போர்ட்டை இலவசமா எடுத்து, பேரும் பழைய அட்ரஸும் சரியான்னு பாருங்க. காசு கேக்கற ட்ரையல் பிளான் வேணாம், சட்டப்படி ஃப்ரீயா தர்ற ரிப்போர்ட்டே போதும்.

சில வாரம் கழிச்சு அப்ளை பண்ணுங்க. எனக்கு இதெல்லாம் ஒழுங்கானதுக்கப்புறம் டீ ஆறதுக்குள்ள அக்கவுன்ட் நம்பர் வந்துடுச்சு.

3. வெளிய எடுக்கற ரூல்

"ஈசி ஆக்ஸஸ்"னு பேர் இருந்தாலும் சில அக்கவுன்ட்ல வருஷத்துக்கு மூணு தடவைக்கு மேல எடுத்தா வட்டி குறைஞ்சிடும். சம்மரி பாக்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல "வித்ட்ராயல்"ங்கற பகுதிய முழுசா படிங்க. அடிக்கடி எடுக்க வேண்டி வரும்னா கொஞ்சம் வட்டி கம்மியானாலும் லிமிட் இல்லாததை எடுங்க.

ஆப் மட்டும் இருக்கற அக்கவுன்ட் எனக்கு இஷ்டமில்ல. போன் தொலைஞ்ச அன்னைக்குத்தான் அவசரக் காசு தேவைப்படும், அதனால வெப்சைட்லயும் லாகின் பண்ண முடியணும்.

திறந்ததும் மொத்தத்தையும் கொட்டாதீங்க. முதல்ல 10 பவுண்டு அனுப்பி, அது தெரிஞ்சதும் திரும்ப எடுத்துப் பாருங்க. சில பேங்க்ல நொடில வரும், சிலதுல அடுத்த வேலை நாள். இவ்வளவு நேரம் தாங்குமான்னு யோசிச்சு மீதிய அனுப்புங்க.

4. இப்ப வட்டி

மணி சேவிங் எக்ஸ்பர்ட், மணிஃபேக்ட்ஸ் ரெண்டும் பார்த்தா போதும். ஏஇஆர்னு (வருஷத்துக்கு மொத்தமா வர்ற வட்டி வீதம்) போட்டதை ஒப்பிடுங்க. போனஸ் மட்டும் கவனம். 4.5%னு போட்டிருந்து அதுல 1.5% முதல் 12 மாச போனஸ்னா, 10,000க்கு முதல் வருஷம் 450, அடுத்த வருஷம், வேற எதுவும் மாறலைன்னாலும், 300. திறந்த அன்னைக்கே போன் காலண்டர்ல பதினோராவது மாசத்துக்கு ரிமைண்டர் போட்டுடுங்க, பேங்க் ஞாபகப்படுத்தும்னு இருக்காதீங்க.

அப்டேட்: கமெண்ட்ல கேட்டது

வரி பத்தி நிறைய பேர் கேட்டீங்க. வருமான வரில பேசிக் ரேட் கட்டறவங்களுக்கு வருஷத்துக்கு 1,000 பவுண்டு வட்டி வரைக்கும் வரி இல்ல, ஹையர் ரேட்னா 500, அடிஷனல் ரேட்னா எதுவும் இல்ல. அதைத் தாண்டும்னா கேஷ் ஐசா (வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) பாருங்க, அதுலயும் ஈசி ஆக்ஸஸ் இருக்கு.

என்ஆர்ஈ (வெளிநாட்டுல இருக்கற இந்தியர்கள் இந்தியால வச்சிருக்கற பேங்க் கணக்கு) வட்டி இதுல சேருமான்னு ஒரு அண்ணா கேட்டிருந்தார். சேரும். இந்தியால வரி இல்லைங்கறது இந்தியாவுக்கு மட்டும்தான், இங்க டாக்ஸ் ரெசிடென்ட்டா இருந்தா இங்க காட்டணும். 10 வருஷம் இங்க ரெசிடென்ட்டா இல்லாம புதுசா வந்தவங்களுக்கு முதல் 4 வருஷத்துக்கு ஒரு சலுகை 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கு, ஆனா அதை கிளெய்ம் பண்ணா அந்த வருஷம் பெர்சனல் அலவன்ஸ் (வரி இல்லாம விடற வருமான அளவு) போயிடும், கணக்கு போட்டுட்டு பண்ணுங்க.

ஊருக்குப் போயிருந்தப்ப ஓடிபி வரலைன்னு இன்னொருத்தங்க எழுதியிருந்தாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி யூகே சிம்ல ரோமிங் ஆன் பண்ணிடுங்க, எஸ்எம்எஸ் இல்லாம ஆப்லயே அப்ரூவ் பண்ற வசதி பேங்க்ல இருந்தா அதையும் இங்க இருக்கும்போதே செட் பண்ணிடுங்க, அங்க போய் செட் பண்ணலாம்னா அதுக்கும் ஒரு ஓடிபி கேக்கும்.