பெங்களூருக்குப் பஸ் ஏறும் முன்: பிரிவியூ திக்கும்போது செய்யும் தவறுகள்

ஆடி பிறந்தால் தர்மபுரியில் எங்கள் கல்யாண வீடியோ தொழிலுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். முகூர்த்தம் இருக்காது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், வைகாசியில் எடுத்த கல்யாணங்களை முடித்துக் கொடுக்கிற வேலை மட்டும் ஓடும். எடிட்டிங் பழக வரும் தம்பிகள் ஸ்டூடியோவில் வந்து உட்காருவதும் அப்போதுதான். இந்த வருடம் மூன்று பேர். மூன்று பேரும் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "அண்ணா, டைம்லைன் திக்கித் திக்கி ஓடுது. எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" டைம்லைன் என்றால் எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கி ஓட்டிப் பார்க்கும் பட்டை.

பிளேபேக் ரெசல்யூஷனை, அதாவது ஓட்டிப் பார்க்கும் படத்தின் தெளிவை, பாதியாகவோ காலாகவோ குறைப்பது, பின்னால் திறந்து கிடக்கும் குரோமை மூடுவது எல்லாம் அவர்களே செய்து பார்த்தாயிற்று. அதை விட்டுவிடுகிறேன். அந்தக் "எந்தக் கார்டு" என்ற கேள்விதான் என்னை உறுத்துகிறது.

எங்கே திக்குகிறது என்று பார்க்காமல் கார்டு வாங்குவது

2022-இல் நானும் அதே கேள்வியோடு அலைந்தேன். 4கே-யில், 10 பிட் 4:2:2-ஆக (நிறத்தை நுணுக்கமாகப் பதிவு செய்யும் வகை), எச்.265-இல் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) பதிவு செய்யும் கேமரா வாங்கிய புதிது. காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் ஷாட்டை டைம்லைனில் போட்டால், மாப்பிள்ளை கை மேலே போகிறது, நிற்கிறது, அடுத்து பார்த்தால் முடிச்சே விழுந்துவிட்டது. கெட்டிமேளம் மட்டும் விடாமல் ஓடுகிறது.

தெரிந்தவர் ஒருவர், "கிராபிக்ஸ் கார்டு பத்தலை" என்றார். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறினேன். 38,000 ரூபாய். குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்து, அன்று இரவே மாட்டி, அதே ஷாட்டை ஓட்டினேன். கை மேலே போனது. நின்றது. முடிச்சு விழுந்திருந்தது.

என்ன நடந்தது என்று புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மொய் நோட்டு எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரியில் 'பாலக்கோடு' என்று ஊரை முழுதாக எழுதுவார். அதே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து வந்தால் கீழே மேற்படிக் குறி மட்டும் போட்டுக்கொண்டே போவார். பதினெட்டாவது வரிக்காரர் எந்த ஊர் என்று தெரிய விரலை மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எச்.264, எச்.265 ஃபைல்களும் இப்படித்தான். எப்போதாவது ஒரு ஃப்ரேம்தான் முழுப் படம். நடுவில் இருப்பதெல்லாம் என்ன மாறியது என்ற குறிப்பு. டைம்லைனில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், முழுப் படம் இருக்கும் ஃப்ரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கைப் போடவென்றே கார்டுக்குள் டிகோடர் என்று தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் அது எல்லா வகை ஃபைலையும் வாசிக்காது. என்விடியா கார்டுகளில் 4:2:2 வாசிக்கும் டிகோடர் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல் பிராசஸரில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸோ, 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 10 பிட் 4:2:2-ஐ வாசிக்கிறது. அதாவது எனக்குத் தேவைப்பட்டது பிராசஸருக்குள்ளேயே கிடைக்கிற ஒன்று. நான் வைத்திருந்ததோ பெயரின் முடிவில் 'எஃப்' போட்ட பிராசஸர். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று நானே ஆசைப்பட்டு வாங்கியது. இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரியும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் ஜிபியு-வை, அதாவது கிராபிக்ஸ் பகுதியை, பாருங்கள். அங்கே 'வீடியோ டிகோட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது தரையோடு படுத்துக் கிடக்க, சிபியு (பிராசஸர்) மட்டும் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால், உங்கள் ஃபைலை எந்த டிகோடரும் தொடவில்லை, பிராசஸர் தனியாக மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

பாலக்கோட்டுத் தம்பியின் கம்ப்யூட்டரில் இப்படித்தான் தெரிந்தது. அவன் பிராசஸரில் எஃப் இல்லை. ஆனால் தனிக் கார்டு மாட்டியதும் மதர்போர்டு உள் கிராபிக்ஸை அணைத்துவிட்டிருந்தது. பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் அதை ஆன் செய்தோம், இன்டெல் டிரைவர் போட்டோம், எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் பிரிஃபரன்சஸில் மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெலுக்கு டிக் வைத்து, மூடித் திறந்தோம். ஓடியது. செலவு, இரண்டு டீ.

எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டதால் நான் பிராக்ஸிக்குப் போனேன், அதாவது எடிட் செய்யும்போது மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக ஓட்டும் இலகுவான நகலுக்கு. இரவில் புரோரெஸ் பிராக்ஸி போடவிட்டுப் படுத்தால் காலையில் ரெடி. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம், மேற்படியே கிடையாது. கலர் கரெக்‌ஷனுக்கும் எஃபெக்ட்டுக்கும் அந்த 38,000 ரூபாய்க் கார்டு இப்போது உழைக்கிறது, பொய் சொல்லக் கூடாது. நான் வாங்கிய காரணத்துக்கு மட்டும் அது உதவவில்லை.

பிராக்ஸி போட்டுவிட்டு டாகிள் பட்டனை மறப்பது

சிரிக்காதீர்கள். இரவெல்லாம் பிராக்ஸி போட்டுவிட்டு, ஒரிஜினலுக்கும் பிராக்ஸிக்கும் மாற்றும் டாகிள் பட்டன் நீலமாக இல்லாததைப் பார்க்காமல், காலையில் ஒரிஜினலையே ஓட்டிவிட்டு "பிராக்ஸியும் வேஸ்ட்" என்று சொன்ன தம்பி இருக்கிறான். அந்த வசனத்தை முதலில் சொன்னவன் நான்.

பென் டிரைவிலிருந்து நேராக எடிட் செய்வது

வேண்டாம்.

வெட்டும் முன்பே டீநாய்ஸ் போடுவது

ரிசப்ஷன் ஷாட் இருட்டாக, புள்ளி புள்ளியாக இருந்தால், அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸ் எஃபெக்ட்டைப் போடக் கை அரிக்கும், தெரியும். முதலில் வெட்டி முடியுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்லா எஃபெக்ட்டையும் தற்காலிகமாக நிறுத்தும் குளோபல் எஃப்எக்ஸ் மியூட் பட்டனை ஆன் செய்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

போன் கிளிப்பை அப்படியே டைம்லைனில் போடுவது

பெண்ணின் சித்தப்பா ஒகேனக்கல்லில் போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதையும் சேர்த்துடுப்பா" என்பார். மறுக்க முடியாது. போன்கள் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கை, நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். டைம்லைன் 25-இல் இருக்க, இது 29-க்கும் 24-க்கும் நடுவில் ஊசலாடினால் ஓட்டமும் தடுமாறும், கொஞ்ச நேரம் போனால் வாயும் பேச்சும் விலகும். கம்ப்யூட்டர் மேல் பழி போட்டுப் பயனில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் வைத்து மாற்றிவிட்டு உள்ளே எடுங்கள். ஐந்து நிமிட கிளிப்புக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது. அப்புறம் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டு, வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.